நிரல் எழுதிப் பல்லுயிரியம் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் வகுப்பில் சின்னச் சின்ன நிரல்கள் (கணினிக்கான கட்டளைத் தொகுப்புகள்) எழுத வைத்துப் பல்லுயிரியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சக ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்கள் என யார் பேசினாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் சுட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன். பாடப்புத்தகம் 'சிற்றினம்' என்று சொல்வதை இங்கே சுருக்கமாக 'இனம்' என்கிறேன்.

1. பல்லுயிரியம்னா நிறைய வகை உயிர் இருக்கிறது, அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?

அந்த 'நிறைய' என்ற சொல்தான் சிக்கல். எவ்வளவு இருந்தால் நிறைய? எதை எண்ணி நிறைய? 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் நாடுகள் கையெழுத்திட்ட உயிரியப் பன்மை உடன்படிக்கை இதை மூன்று மட்டங்களில் பார்க்கிறது. ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு ஒன்று, இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இரண்டு, சூழலமைப்புகளின் வேறுபாடு மூன்று. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும்தான் மனத்தில் வைத்திருப்பார்கள்.

"இந்தத் தோட்டத்தில் பல்லுயிரியம் அதிகமா?" என்று கேட்டால் ஒரு மாணவி சட்டென்று "ஆமாம்" என்பார். அதையே கணினியைக் கணக்கிட வைக்கச் சொல்லிப் பாருங்கள். எதை எண்ணுவது, எதையெல்லாம் ஒரே இனமாகச் சேர்ப்பது, தோட்டத்தின் எல்லை எங்கே என்று எல்லாவற்றையும் அவரே முடிவுசெய்தாக வேண்டும். கணினி எதையும் தானாகப் புரிந்துகொள்ளாது. நிரல் தப்பான விடை தரும்போதெல்லாம் அவர் எழுந்து போய் அந்த இலையையோ பூச்சியையோ இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். அப்படி எழுந்து போக வைப்பதால்தான் இந்த வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

2. நான் உயிரியல் டீச்சர். கோடிங் சுத்தமாத் தெரியாது. என்னால முடியுமா?

முடியும். ஐந்து விஷயங்கள் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் வரும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். ஒரு மதிப்பைப் பெயர் போட்டு வைத்துக்கொள்வது (மாறி), பல மதிப்புகளை வரிசையாக வைப்பது (பட்டியல்), 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்பது (நிபந்தனை), ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது (சுழல்), குலுக்கல் மாதிரி ஓர் எண்ணை எடுப்பது (ரேண்டம்). ஒரு வாரம் மாலையில் உட்கார்ந்தால் கைவந்துவிடும்.

கோடிங்கில் உங்களைவிட வேகமான பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். இருக்கட்டும். இலை எது, சிற்றிலை எது என்று சொல்ல நீங்கள்தான் வேண்டும். கணினி ஆசிரியர் ஒருவரும் கூட வந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

3. ஸ்கிராட்ச்சா, பைத்தானா? எதுல ஆரம்பிக்கிறது?

இரண்டுமே நிரல் எழுதும் மொழிகள். 10 முதல் 12 வயது வரை ஸ்கிராட்ச். எம்ஐடி மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது. கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் போதும், எழுத்துப்பிழையில் நிரல் நின்றுபோகாது. பட்டியல், நிபந்தனை, சுழல், ரேண்டம் எல்லாம் அதில் உண்டு. அதற்கு மேல் பைத்தான். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'எண்ணிக்கை = 5' என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்களும் தமிழில் இருக்க வேண்டும் என்றால் எழில் என்ற மொழி இருக்கிறது. நிபந்தனையை விளக்க அது எனக்கு மிகவும் உதவுகிறது. கேள்வி 5-ல் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறேன்.

விலங்குகளும் செடிகளும் நூற்றுக்கணக்கில் திரையில் நடமாட வேண்டும் என்றால் நெட்லோகோ. யூரி வில்லென்ஸ்கி 1999-ல் உருவாக்கிய இலவச மென்பொருள். ஓநாய், ஆடு, புல் மூன்றும் உள்ள ஒரு மாதிரி அதிலேயே தயாராக இருக்கிறது.

4. எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கம்மி. கம்ப்யூட்டர் இல்லாம நடத்த முடியுமா?

முதல் இரண்டு வகுப்புகளை எப்போதுமே கணினி இல்லாமல்தான் நடத்துகிறேன். ஒரு மாணவர் 'கணினி'. அவர் கண்ணைக் கட்டிவிடுவோம். மற்றவர்கள் கையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு, அவர் கேட்கும் கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். 10 நிமிடத்திலேயே தெளிவில்லாத கேள்விகள் எவை என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். பிறகு 4 பேருக்கு ஒரு கணினி போதும். ஒருவர் தட்டச்சு, ஒருவர் தரவு, இரண்டு பேர் வெளியே.

5. முதல்ல என்ன நிரல் எழுத வைக்கலாம்?

இனம் காணும் திறவுகோல். 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம்' என்று இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போய்ச் செடியின் பெயரை அடையும் முறை இது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1778-லேயே தாவரங்களுக்கு இந்த முறையைக் கையாண்டார். கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தாவரவியலாளர்கள் நிபந்தனைக் கட்டளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். வேம்பு, புளி, மா, செம்பருத்தி என்று நான்கு செடிகளோடு ஆரம்பியுங்கள். எழிலில் முதல் படி இப்படி இருக்கும்:

@( சிற்றிலை == "ஆம்" ) ஆனால்
    பதிப்பி "வேம்பு அல்லது புளி"
இல்லை
    பதிப்பி "மா அல்லது செம்பருத்தி"
முடி

மாணவர்கள் எழுதும் முதல் கேள்வி அநேகமாக "இலை பெரியதா?" என்றுதான் இருக்கும். ஐந்து பேருக்கு ஐந்து விடை வரும். "விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருக்கிறதா?" என்று மாற்றியதும் விடைகள் ஒத்துப்போகத் தொடங்கும். அடுத்த தகராறு வேப்பிலையில். ஒரு முறை ஒரு குழு 'வேம்பு: சின்ன இலை' என்று எழுதியது. அடுத்த குழு 'வேம்பு: ஒரு முழத்துக்கு நெருங்கிய இலை' என்று எழுதியது. இரண்டு குழுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கிளையை எடுத்து வந்து காம்பின் அடியைப் பார்க்கச் சொன்னேன். இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். நடுநரம்பில் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் துண்டுகளின் அடியில் மொட்டு இருக்காது. ஆகவே அந்தத் துண்டுகள் சிற்றிலைகள், அத்தனையும் சேர்ந்ததுதான் ஓர் இலை. 'கூட்டிலை' என்று புத்தகத்தில் பலமுறை படித்தவர்கள்தான் அவர்கள். அன்றைக்குத்தான் மொட்டைத் தேடி விரலால் தடவிப் பார்த்தார்கள்.

6. கேள்விகளை எந்த வரிசையில வச்சாலும் ஒண்ணுதானே?

இல்லை. ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் இனங்களை ஏறக்குறையப் பாதியாகப் பிரித்தால் 5 கேள்வியில் 32 இனங்களைப் பிரித்துவிடலாம். "இது மாமரமா? இது புளியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் அதே 32-க்கு 31 கேள்வி வரை ஆகலாம். இரண்டையும் எழுத வைத்து, எத்தனை கேள்வி கேட்டோம் என்று எண்ணும் ஒரு மாறியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூ, காய் பற்றிய கேள்வியை முதலில் வைத்தால், அவை இல்லாத பருவத்தில் நிரல் வாசலிலேயே நின்றுவிடும்.

7. எத்தனை இனம்னு எண்ணியாச்சு. அதுக்கு மேல என்ன கணக்கு?

இரண்டு தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 20 பறவைகள், 4 இனங்கள். முதல் தோட்டத்தில் 5, 5, 5, 5. இரண்டாவதில் 17, 1, 1, 1. 'இனங்கள் = 4' என்று மட்டும் சொன்னால் இரண்டும் சமம். ஆனால் இரண்டாவது தோட்டத்தில் போய் நின்றால் ஒரே பறவைதான் கண்ணில் படும்.

சூத்திரத்தை உடனே கொடுக்காதீர்கள். முதலில் ஒரு சுழல் எழுதச் சொல்லுங்கள்: பட்டியலிலிருந்து குலுக்கலில் ஒரு பறவையை எடு, அதைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடு, இரண்டும் வேறு வேறு இனம் என்றால் ஒன்றைக் கூட்டு. இதை 10,000 முறை செய். முதல் தோட்டத்தில் ஏறக்குறைய 7,500 முறை வேறு இனம் வரும். இரண்டாவதில் ஏறக்குறைய 2,700 முறைதான். இதைக் கண்ணால் பார்த்த பிறகு சூத்திரத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-லிருந்து கழித்தால் 0.75, 0.27 என்று வரும். எட்வர்ட் சிம்ப்சன் 1949-ல் முன்வைத்த அளவையிலிருந்து வருவது இது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு படி. கழிப்பதற்கு முன்னால் இருந்த கூட்டுத்தொகையால் 1-ஐ வகுத்தால் முதல் தோட்டத்துக்கு 4 வரும், இரண்டாவதற்கு 1.37 வரும். நாலு இனம் இருந்தும் ஒன்றேகால் சொச்சம் இனம் இருப்பது போலத்தான் அந்தத் தோட்டம். இந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும்.

8. ஒரே மைதானம்தான், ஆனா ஒவ்வொரு குழுவுக்கும் வேற வேற எண்ணிக்கை. யாரோடது சரி?

எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் தேடினார்கள் என்று முதலில் கேளுங்கள். தரையில் 3 சதுரக் கட்டம் போட்டுப் பார்த்தவர்களையும் 12 கட்டம் பார்த்தவர்களையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. தேடத் தேட இனங்கள் கூடும். முதலில் வேகமாகக் கூடும், பிறகு மெதுவாக.

இதை நிரலாக எழுதுவது சுலபம். 12 கட்டங்களின் வரிசையைக் குலுக்கு. ஒவ்வொரு கட்டமாகச் சேர்த்துக்கொண்டே, இதுவரை மொத்தம் எத்தனை இனம் என்று குறி. இதை 100 முறை செய்து சராசரி எடுத்து வரைந்தால் ஒரு வளைகோடு வரும். அது இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் தேடல் முடியவில்லை என்று பொருள். தட்டையாகத் தொடங்கியிருந்தால் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. குழுக்களை ஒப்பிட வேண்டும் என்றால், எல்லாருடைய கோட்டிலும் 3 கட்டம் என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

9. ஒரே பறவையைக் கம்ப்யூட்டர் ரெண்டு இனமா எண்ணுது. ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலும் காரணம் பெயரில் இருக்கும். ஒருவர் 'காகம்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'காக்கை', மூன்றாமவர் 'காக்கா'. கணினிக்கு அவை மூன்று இனங்கள். சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளி இருந்தாலும் அது தனி இனம்தான்.

தமிழில் எழுதும்போது இன்னொரு பொறியும் இருக்கிறது. 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பதில் உள்ள துணைக்குறியைக் கணினி ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் நிரல் ஒப்பிட்டால் 'சமமில்லை' என்று சொல்லும். ஒரு நாள் எங்கள் பட்டியலில் கொக்கு இரண்டு வரிகளில் வந்து நின்றது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு, ஒரு பாடவேளை முழுக்கத் தேடினோம். கடைசியில் சொல்லின் நீளத்தைக் கேட்டோம். ஒன்று 6, மற்றொன்று 7. இரண்டு விதமாகச் சேமித்ததை ஒரே விதமாக மாற்றும் யூனிகோடு இயல்பாக்கம் என்ற ஒரு படியை முதலிலேயே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். பைத்தானில் அதற்கான செயற்கூறு கூடவே வருகிறது.

எழுத்து சரியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். வழக்கில் பல நீர்ப்பறவைகளைப் பொதுவாகக் கொக்கு என்றுதான் சொல்கிறோம். காகத்தோடு அண்டங்காக்கையையும் சேர்த்துவிடுகிறோம். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக்காகம், கோர்வஸ் ஸ்ப்ளெண்டன்ஸ். உடல் முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்திருந்தால் அண்டங்காக்கை. அது வேறு இனம். கார்ல் லின்னேயஸ் 1753-ல் தாவரங்களுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் முறையை ஒழுங்காக நிறுவியது ஏன் என்பது இந்த இடத்தில் தானாகவே விளங்கிவிடும். எங்கள் பட்டியலில் இப்போது தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் அறிவியல் பெயருக்கும் ஒரு பத்தி உண்டு. எண்ணுவது அதைத்தான்.

10. செடி ஒரே இடத்துல நிக்கும். மீன், எலி இதையெல்லாம் எப்படி எண்ணுறது?

பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மறுபடி பிடிப்பது ஒரு வழி. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் மீன்களில் 1896-ல் இதற்கு வழி காட்டினார். முதலில் 40 மீனுக்கு அடையாளம் இடுகிறோம். பிறகு பிடிக்கும் 50-ல் 8 மீனுக்கு அடையாளம் இருக்கிறது. அப்படியானால் மொத்தம் 40 × 50 ÷ 8 = 250 என்று மதிப்பிடலாம்.

வகுப்பில் உயிருள்ள எதையும் பிடிக்க விடுவதில்லை. திரையில் 250 மீனை உருவாக்கிவிட்டு, அந்த எண்ணைத் தெரியாத இன்னொரு குழுவிடம் மதிப்பிடச் சொல்கிறேன். நிரலை 10 முறை ஓட்டினால் 200 வரும், 333 வரும், எப்போதாவது 400-கூட வரும். உண்மை எண் நமக்குத் தெரிந்திருப்பதால், மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதை நேரில் பார்க்கலாம். குளத்தில் இது நடக்காது. குளத்தில் உண்மை எண் யாருக்கும் தெரியாது. அடையாளமிட்ட மீன் அதன்பிறகு பயந்து வலைப்பக்கமே வராது என்று ஒரு விதியைச் சேர்த்துப் பாருங்கள். மதிப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்று ஓட்டுவதற்கு முன்பே மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும்.

11. புலி–மான் நிரல் எழுதினோம். எல்லா மானும் செத்து, அப்புறம் புலியும் செத்துப்போச்சு. தப்பா எழுதிட்டோமா?

அநேகமாக இல்லை. ஆல்ஃபிரட் லோட்கா 1925-லும் வீட்டோ வோல்ட்டெரா 1926-லும் எழுதிய சமன்பாடுகளில் இரையும் கொன்றுண்ணியும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பூச்சியத்தைத் தொடவே தொடாது. காரணம், அங்கே 0.3 மான்கூட இருக்கலாம். அந்தப் பின்னத்திலிருந்தே கூட்டம் மறுபடி பெருகிவிடும். உங்கள் திரையில் இருப்பது முழு மான்கள். கடைசி மான் போனால் போனதுதான்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். புலி நுழைய முடியாத புதர்களை வையுங்கள். மைதானத்தை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். மைதானத்தை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு சுவர் எழுப்புங்கள். நான் பார்த்தவரை, மாணவர்கள் மறக்காதது இந்தச் சுவர்ச் சோதனையைத்தான். மொத்தப் பரப்பு அதேதான், மான்களும் அதே எண்ணிக்கைதான். ஆனால் ஒரு பக்கம் காலியாகிவிட்டால் மறுபக்கத்திலிருந்து யாரும் வந்து நிரப்ப வழியில்லை. காட்டுக்கு நடுவே சாலை போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

12. ரேண்டம் எண் போட்டா ஒவ்வொரு தடவையும் வேற விடை வருதே. அதுல அறிவியல் என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. கேள்வி 1-ல் சொன்ன முதல் மட்டத்தை, அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாட்டை, ரேண்டம் இல்லாமல் காட்டவே முடியாது. 20 உயிர்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அடுத்த தலைமுறையின் ஒவ்வோர் உயிரும் முந்தைய தலைமுறையில் குலுக்கலில் ஒன்றைத் தேர்ந்து அதன் நிறத்தைப் பெறும். எந்த நிறத்துக்கும் எந்தச் சலுகையும் இல்லை. இருந்தாலும் சராசரியாக 40 தலைமுறைக்குள் ஒரே நிறம்தான் மிஞ்சும். 200 உயிர்களோடு தொடங்கினால் அதற்குச் சராசரியாக 400 தலைமுறை பிடிக்கும். சிறிய கூட்டம் தன் வேறுபாடுகளை எவ்வளவு சீக்கிரம் இழந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறிய நிரல் எனக்குத் தெரியாது.

எந்த நிறம் ஜெயிக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். சராசரியாக எவ்வளவு காலம் ஆகும் என்பது அவ்வளவாக மாறாது. ஆகவே ஒரு தடவை ஓட்டி முடிவுசொல்லக் கூடாது, 100 தடவை ஓட்ட வேண்டும். கேள்வி 10-ல் மீன் மதிப்பீடு ஆடியதும் இதே கதைதான்.

13. கூட்டம் பெருசா இருந்தா பயமில்லைனு எடுத்துக்கலாமா?

கூடாது. வட அமெரிக்காவில் பயணிப் புறாக்கள் கோடிக்கணக்கில் இருந்தன. கடைசிப் புறாவான மார்த்தா 1914 செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் இறந்தது. கேள்வி 12-ன் நிரலில் உயிர்களின் எண்ணிக்கையை நாம் மாற்றாமல் வைத்திருந்தோம். வேட்டை அதை மாற்றும். ஒவ்வொரு தலைமுறையிலும் பிறப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கழிக்கும் ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். பெரிய எண் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று தெரியும்.

14. ஆமை வச்சு செடி வரையுறாங்களே, அது வெறும் ஓவியம்தானே?

ஆமை என்பது நாம் சொல்கிறபடி திரையில் நகர்ந்து கோடு வரையும் ஒரு சின்ன உருவம். ஆனால் அது வரையும் செடிக்குப் பின்னால் உயிரியல் இருக்கிறது. அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968-ல் வளர்ச்சியை எழுத்து விதிகளாக எழுதினார். அ என்பது அஆ ஆகும், ஆ என்பது அ ஆகும். அ-வில் தொடங்கினால் அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று நீளும். எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்று வளரும். கிளை பிரிவதற்கும் ஒரு குறியைச் சேர்த்துவிட்டுப் பைத்தானின் ஆமையை ஓட்டினால் செடி எழுந்து நிற்கும்.

கோணத்தை 25 பாகையிலிருந்து 60-க்கு மாற்றினால் வேறு செடி போலத் தெரியும். அதற்காக அது வேறு இனம் என்று பிள்ளைகளை நினைக்க விடாதீர்கள். தோற்றம் மாறுவதும் இனம் மாறுவதும் ஒன்றா என்று அப்போதே பேசிவிடுவது நல்லது.

15. ஏற்கெனவே பையன் எப்பவும் ஸ்கிரீன்தான். இதுல இன்னும் கம்ப்யூட்டரா?

பெற்றோர்களின் இந்தக் கவலை நியாயமானது. திரையிலேயே தொடங்கித் திரையிலேயே முடியும் பல்லுயிரியப் பாடத்தை நானும் ஏற்க மாட்டேன். என் வகுப்பில் ஒரு மணி நேரம் கணினி என்றால் இரண்டு மணி நேரம் வெளியே. தரவு கையால் எழுதிய குறிப்பேட்டில்தான் முதலில் ஏறும். கேள்வி 5-ல் சொன்ன வேப்பங்கிளையை யாரும் இணையத்திலிருந்து எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறுமனே "போய்ப் பார்த்துவிட்டு வா" என்றால் பல பிள்ளைகளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. நிரலில் விடுபட்ட ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பினால், அதே பிள்ளை செடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

16. போன்ல போட்டோ எடுத்தா ஆப்பே பேரைச் சொல்லிடுது. அப்புறம் திறவுகோல் எதுக்கு?

2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை அருமையானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் செயலி பெயரைச் சொல்லும், ஏன் அந்தப் பெயர் என்று சொல்லாது. திறவுகோலில் ஒவ்வொரு படியும் தெரியும். தப்பு நடந்தால் எந்தப் படியில் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

டீச்சபிள் மெஷின் போன்ற ஒரு கருவியில் மாணவர்களே, படத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்லும் ஒரு படப் பகுப்பானைப் பயிற்றுவிக்கட்டும். ஓர் இலையின் படங்களை எல்லாம் வெள்ளைத் தாளில் வைத்தும், இன்னோர் இலையின் படங்களை எல்லாம் மண்ணில் வைத்தும் எடுங்கள். பிறகு முதல் இலையை மண்ணில் வைத்துக் காட்டுங்கள். அது இலைக்குப் பதிலாக மண்ணைக் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மேலும், இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 20 லட்சம். 2011-ல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி பாக்டீரியா போன்றவற்றைச் சேர்க்காமலேயே உலகில் சுமார் 87 லட்சம் இனங்கள் இருக்கக்கூடும். பெயரே இல்லாத பூச்சிக்கு எந்தச் செயலியாலும் பெயர் சொல்ல முடியாது.

17. நாங்களே எண்ணாம, இணையத்துல இருக்கிற தரவை எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்தமாக ஒரு முறையாவது எண்ணிய பிறகு. 2002-ல் தொடங்கிய ஈபேர்டில் பறவைப் பதிவுகள் இருக்கின்றன. 2001-ல் உருவான ஜிபிஐஎஃப் தளத்தில் எல்லா உயிர்க் குழுக்களுக்குமான பதிவுகள் நூறு கோடிகளில் இருக்கின்றன. அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டால் பல இடங்களில் முதலில் தெரிவது சாலைகளும் ஊர்களும்தான். மனிதர்கள் எங்கே போனார்களோ அங்கேதான் பதிவு இருக்கும். வாரத்தின் நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள், விடுமுறை நாட்களில் பறவைகள் 'அதிகரிக்கும்'. புள்ளி இல்லாத இடத்தில் உயிர் இல்லை என்று எழுதிய அறிக்கைகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அரிய உயிர்களின் துல்லியமான இடத்தைச் சில தளங்கள் வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டும். திருட்டுக்கும் வேட்டைக்கும் வழிகாட்டக் கூடாது என்பதற்காக. மாணவர்கள் தாங்கள் கண்ட கூட்டின் இடத்தைப் பகிரும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

18. மார்க் எப்படிப் போடுறது? நிரல் ஓடினா முழு மார்க்கா?

ஓடுவதற்குக் கொஞ்சம்தான். ஒவ்வொரு குழுவும் 'எங்கள் நிரல் எங்கே தப்பாகச் சொல்லும்' என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். என் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

19. ரெண்டு இடத்துக்கும் கணக்குப் போட்டோம். ஒண்ணு 0.8, ஒண்ணு 0.3. அப்ப 0.3 இடத்தை விட்டுடலாம்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தின் மிகக் கடினமான கேள்வி இது. ஒரு 15 வயது மாணவி கேட்டது. கேள்வி 7-ன் நிரலை எடுத்து, இனங்களின் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு வெறும் 1, 2, 3, 4 என்று போட்டு ஓட்டுங்கள். விடை மாறாது. அந்த எண்ணுக்கு யார் யார் அங்கே வாழ்கிறார்கள் என்பது தெரியவே தெரியாது. வேறொரு கண்டத்திலிருந்து வந்து பரவும் களைச்செடிகள் நான்கு புதிதாக நுழைந்தால் அந்த எண் ஏறக்கூடும். வேறெங்குமே இல்லாத ஒரு தவளை அந்த 0.3 இடத்தில் இருக்கலாம். அலையாத்திக் காட்டில் மர இனங்கள் குறைவாகத்தான் இருக்கும். உப்பு நீரையும் காற்றில்லாச் சேற்றையும் தாங்கும் மரங்கள் கொஞ்சம்தான். மர எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதை ஏழைக் காடு என்றால், அதன் வேர்களுக்கிடையே வளரும் மீன்குஞ்சுகளையும் நண்டுகளையும் எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

அந்த மாணவியின் குழு பிறகு பட்டியலில் மூன்று பத்திகளைச் சேர்த்தது: ஒன்று, இந்த இனம் இங்கேயே தோன்றியதா வந்தேறியதா; இரண்டு, வேறு எங்கெல்லாம் இருக்கிறது; மூன்று, இதை நம்பி வாழும் வேறு உயிர் எது. முதல் இரண்டைப் புத்தகங்களிலிருந்து நிரப்பினார்கள். மூன்றாவது பத்தியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதை நிரப்ப, விடியற்காலையில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் அதே இடத்துக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறார்கள்.